வெடியுப்புச் சாலையில் இசிவு நோய்

பதின்மூன்றாம் லூயி மன்னருடைய காலத்தில், பாரிஸ் நகரத்தின் தென்கிழக்கு ஓரமாக, ஸேன் நதியின் இடக்கரையை அடுத்து, துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பைத் தயாரிக்கும் சாலை ஒன்று இருந்தது. வெடியுப்புக்குப் பிரெஞ்சு பாஷையில் உள்ள பெயரைக் கொண்டே அவ்விடத்தை ஸால்பெத்ரியேர் என்று ஜனங்கள் வழங்கினார்கள். சாலை போன பிறகும் பெயர் போகவில்லை. நகரத்து வீதிகளில் இரந்து திரியும் ஏழைகளையெல்லாம் திரட்டி அடைத்து, அவர்களுக்கு உணவும் வேலையும் மதபோதனையும் அளிப்பதென்று 1656-ஆம் வருஷத்தில் பதினான்காம் லூயி மன்னர் பெயரால் ஒரு சாஸனம் பிறந்தபோது, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் இந்தப் பழைய வெடியுப்புச் சாலையே. ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆயினும் நோய் தீர்க்கும் இடம் என்று அச்சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளில், நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே சொல்லத்தக்க சிகிச்சை எதுவும் நடைபெறவில்லை. ஆதரவற்ற கிழவிகள், அநாதைக் குழந்தைகள், கண் தெரியாதவர்கள், சித்தப்பிரமை கொண்டவர்கள், காக்கை வலிப்பால் வருந்துவோர், அடக்க முடியவில்லை என்று கணவனோ தகப்பனோ கொண்டுவந்து ஒப்படைத்த பெண்கள் ஆகிய எல்லோரும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தார்கள். 1684-இல் வேசையருக்கென்று ஒரு சிறைச்சாலையும் அதே மதிலுக்குள் எழுந்தது. அங்கிருந்து பல பெண்கள் கடல் கடந்து லூயிஸியானாக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். லிபெரால் புரூவான் என்ற கட்டடக் கலைஞர் அங்கே அமைத்த தேவாலயம் எண்கோண மண்டபம் ஒன்றும், அதைச் சுற்றி எட்டுப் பிரிவுகளும் கொண்டது. ஒரு வகுப்பார் மற்றொரு வகுப்பாரோடு கலந்துவிடாமல், எல்லோரும் நடுவிலுள்ள பலிபீடத்தை மாத்திரம் காணும்படி அது வகுக்கப்பட்டது. வகை பிரிப்பதும் பார்வைக்கு வைப்பதும் அந்த ஸ்தலத்தின் அஸ்திவாரத்திலேயே இருந்தன என்று சொல்ல வேண்டும்.

மனிதனுடைய தேகம் தன் உடையவனைக் கேளாமலே திடீரென்று இறுகுவதும் வளைவதும் துடிப்பதும், அதனோடு ஒட்டிப் பயமோ சிரிப்போ அழுகையோ க்ஷண நேரம் பொங்கி அடங்குவதுமாகிய இசிவு, எல்லாத் தேசங்களிலும் எல்லாக் காலங்களிலும் இருந்து வந்திருக்கிறது. கோயிலில் கண்டால் ஆவேசம் என்றும், வீட்டில் கண்டால் பேய் என்றும், வைத்தியன் கண்டால் வாதம் என்றும் அதற்குப் பெயர் மாறிற்று. ஆனால் அதை வருஷக்கணக்காக விடாமல் பார்த்து, சித்திரமாக வரைந்து, புகைப்படமாகப் பிடித்து, படிப்படியாக வகுத்து, ஒரு சாஸ்திரமாகவே நிலைநாட்ட முயன்ற ஸ்தலம் ஸால்பெத்ரியேர் ஒன்றே. அந்த மகத்தான முயற்சியில் கண்ணுக்குக் கிடைத்த இடம் காதுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான், அதன் சரித்திரத்தை வாசிக்குந்தோறும் என் மனத்தை வருத்துவது.

பாரிஸ் நகரம் இசிவைக் கூட்டம் கூட்டமாகக் கண்டது அதற்கு வெகு காலம் முந்தியே. ஸால்பெத்ரியேருக்கு அதிக தூரத்தில் இல்லாத ஸேன் மெதார் தேவாலயத்து மயானத்தில், பிரான்ஸுவா த பாரிஸ் என்ற திருத்தொண்டர், ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து 1727-இல் உயிர் நீத்தவர், அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையின் மேல் கிடந்து நோய் நீங்கப் பெறலாம் என்று வந்தவர்களில் பலர், 1731 முதல், அங்கேயே கை கால்கள் இழுத்துக்கொள்ள, உடல் துள்ள, அழுதும் கூவியும் புரளத் தொடங்கினார்கள். அதைக் காண வந்த கூட்டம் வீதிகளை அடைத்தது. 1732 ஜனவரியில் அரசாங்கம் மயானத்தின் கதவை மூடி முத்திரையிட்டது. இசிவு அதனால் நின்றுவிடவில்லை. தனி வீடுகளில் மறைவாகத் தொடர்ந்தது. அது ஆண்டவனிடமிருந்து வருகிறதா, சாத்தானிடமிருந்து வருகிறதா என்று மத பண்டிதர்கள் புத்தகம் புத்தகமாக வாதாடினார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியின் காலத்தில் ஸால்பெத்ரியேர் பட்ட பாடு கொடியது. 1792 செப்டம்பரில் சிறைகளை உடைத்துக் கொலை செய்து திரிந்த கூட்டம் இங்கேயும் புகுந்து, முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களை வெட்டிச் சாய்த்தது. மூன்று வருஷங்களுக்குப் பின் பிலிப் பினெல் என்ற வைத்தியர் இதன் தலைமையை ஏற்றார். சித்தப்பிரமை கொண்ட பெண்களின் விலங்குகளை அவர் கழற்றுவிக்கும் காட்சியை 1876-இல் தோனி ரோபேர்-பிளெரி என்ற ஓவியர் பெரிய படமாகத் தீட்டியிருக்கிறார். விலங்குகளை முதலில் கழற்றியவர் பினெல் அல்லர். பிஸேத்ர் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பாளராக இருந்த ழான்-பாப்திஸ்த் பியூஸேன் என்பவர். அவரும் ஒரு காலத்தில் அங்கே நோயாளியாகக் கிடந்தவரே. அவர் பின்னர் ஸால்பெத்ரியேருக்கும் வந்து பினெலுக்குத் துணையாக நின்றார். ஓவியங்கள் பெரிய மனிதரைத்தான் நடுவில் நிறுத்துகின்றன.

தசையின் இறுக்கத்துக்கும் மனத்தின் உணர்ச்சிக்கும் உள்ள உறவை அங்கே முதன்முதலில் ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஆக்கியவர், அந்த ஆஸ்பத்திரியில் பதவி எதுவும் வகியாத ஒருவர். கடற்கரைப் பட்டணமாகிய பூலோனில் 1806-இல் மாலுமிகள் குலத்தில் பிறந்த துஷேன் என்ற வைத்தியர், 1842-இல் பாரிஸுக்கு வந்து, தாமே அமைத்த மின்சாரப் பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கட்டில் கட்டிலாகச் சுற்றி வந்தார். ஈரமாக்கிய இரு மின் முனைகளைத் தோலின் மேல் வைத்து, கீழேயுள்ள ஒரே ஒரு தசையை மாத்திரம் தனியே சுருங்கச் செய்யும் வித்தையை அவர் கண்டுபிடித்தார். அதனால் எந்தத் தசை எந்த அசைவுக்கு உரியது என்பதைப் பிணத்தை அறுக்காமலே, உயிரோடு இருப்பவர் மேனியிலேயே காட்ட முடிந்தது. பிறகு அவர் முகத்தின் பக்கம் திரும்பினார். முகத்தில் உணர்வு குன்றிய கிழவர் ஒருவர் அவருக்குக் கிடைத்தார். மின் முனை பட்டால் அவருக்கு வலி தெரியாது. நெற்றித் தசை சுருங்கினால் வியப்பு, புருவத்தின் இடைத் தசை சுருங்கினால் துயரமோ கோபமோ, கன்னத்துத் தசை சுருங்கினால் சிரிப்பு என்று, உள்ளே ஒன்றுமே நிகழாத அந்த முதியவருடைய முகத்தில் உணர்ச்சிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவை மறையுமுன் புகைப்படக் கருவி அவற்றைப் பிடித்துக்கொண்டது. 1862-இல் அந்தப் படங்களோடு வெளியான அவருடைய நூல் முகபாவத்தின் அமைப்பைப் பற்றியது. அதில் அவர் கண்டு சொன்னவற்றுள் ஒன்று இன்றளவும் நிலைத்திருக்கிறது: வாயை இழுக்கும் கன்னத் தசையை மனிதன் தன் இச்சைப்படி சுருக்கலாம், ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள தசை, மனத்தில் உண்மையான களிப்பு இருந்தாலன்றி அவ்விதம் சுருங்குவதில்லை.

இந்தப் படங்களைத் தம் கையில் பெற்ற சார்லஸ் டார்வின், படித்தவர்கள் இருபது பேருக்கு மேல் அவற்றைக் காட்டி, இன்னின்ன முகத்தில் காண்பது என்ன உணர்ச்சி என்று கேட்டுப் பார்த்து, ஒத்த விடை கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் தம் 1872-ஆம் வருஷத்து நூலில் குறித்திருக்கிறார். அந்த நூலில் அச்சான பயத்தின் சித்திரத்தில், துஷேனுடைய மின் முனைகள் செதுக்கப்படாமல் விடப்பட்டிருக்கின்றன. அம்முகத்தை மட்டும் காண்பவர்கள், யாரோ ஒரு கிழவர் எதையோ கண்டு உண்மையாகவே நடுங்கினார் என்றுதான் எண்ணுவார்கள்.

துஷேனைத் தம் குருவென்று வாய்விட்டுச் சொன்னவர் ழான்-மார்த்தேன் ஷார்க்கோ. வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1825-இல் பாரிஸிலேயே பிறந்து, மாணாக்கராக இருந்த காலத்திலேயே ஸால்பெத்ரியேரின் நீண்ட கூடங்களைக் கண்டு, என்றேனும் இங்கே திரும்பி வரவேண்டும் என்று மனத்தில் வைத்திருந்த அவர், 1862-இல் அங்கே வைத்தியராகத் திரும்பி வந்தார். அக்காலத்தில் அந்த மதிலுக்குள் சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் வயோதிகப் பெண்கள். அவர்களை மற்ற வைத்தியர்கள் தீராத நோயாளிகள் என்று ஒதுக்கியிருந்தார்கள். ஷார்க்கோவோ, ஒவ்வொருவரையும் வருஷக்கணக்காகக் கவனித்து, அவர்கள் இறந்த பிறகு மூளையையும் முதுகுத் தண்டையும் நுண்பெருக்கியின் கீழ் வைத்து, உயிரோடு இருந்தபோது கண்ட குறியையும் இறந்த பின் கண்ட பழுதையும் இணைத்துக் காட்டினார். நரம்பு மண்டலத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்புண்டாகும் நோயையும், தசைகள் தேய்ந்து இறுகி உயிரை மாய்க்கும் நோயையும் வேறு பிரித்து அறியும் வழியை உலகத்துக்குக் கொடுத்தவர் அவரே. ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற ஆங்கில வைத்தியர் நடுக்குவாதம் என்று விவரித்த நோய்க்கு அவர் பெயரைச் சூட்டும்படி செய்தவரும் இவரே. பின்னால் அவர் செய்த பிழைகளைப் பேச வருகிறவர்கள் முதலில் இதை மறவாதிருப்பது நியாயம்.

இசிவு நோய் அவர் கைக்கு வந்தது ஒரு கட்டடம் பாழடைந்ததால். சித்தப்பிரமை கொண்டவர்களையும், காக்கை வலிப்புக் கொண்டவர்களையும், ஹிஸ்டீரியா என்ற இசிவு நோய் கொண்டவர்களையும் ஒன்றாக வைத்திருந்த ஸேன்த்-லோர் என்ற பழைய கட்டடம் இடியும் நிலைக்கு வந்துவிட, 1870-ஆம் வருஷத்தையொட்டி அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. சித்தப்பிரமை கொண்டவர்கள் ஒருபுறம் போனார்கள். வலிப்பும் இசிவும் இரண்டுமே விட்டு விட்டு வருபவை, இரண்டிலும் உடல் துடிக்கிறது என்ற காரணத்தால், அவ்விரு வகையாரையும் சேர்த்து ஒரு தனிப் பகுதியாக்கி ஷார்க்கோவிடம் ஒப்படைத்தார்கள். காக்கை வலிப்பு வந்து விழும் பெண்களின் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில், பதினைந்து பதினெட்டு வயதுப் பெண்கள், மனத்தால் அலைப்புண்டு மேனி இசிவு கொள்பவர்கள், இரவு பகலாகக் கிடந்தார்கள். சில காலத்துக்குள் அந்த இளம் பெண்களுக்கு வந்த இசிவு, காக்கை வலிப்பின் உருவத்தையே எடுத்துக்கொண்டது. அது பார்த்துப் பழகிய சாயல் என்று நினையாமல், இரு நோயும் கலந்த ஒரு மகா இசிவு என்று ஷார்க்கோ அதற்கு இலக்கணம் வகுத்தார். ஒரு நிர்வாக ஏற்பாடு நோயின் ரூபத்தையே மாற்றியதற்கு வைத்திய சரித்திரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அவர் வகுத்த இலக்கணப்படி பூரணமான இசிவு நான்கு படிகளில் நடந்தேறும். முதலில் மூச்சு அடைத்து, மேனி கட்டை போல் விறைத்து, பிறகு நடுங்குவது. அடுத்து உறுப்புக்களை முறுக்கி வீசுவது. இப்படியில்தான் தலையும் குதிகாலும் மாத்திரம் படுக்கையில் பட, உடல் முழுவதும் வில்லாக மேல்நோக்கி வளையும், நம் வைத்தியர்கள் தனுர்வாதம் என்பதில் காண்பது போல. மூன்றாவது படி உணர்ச்சிகளின் படி: கண்ணுக்கு எதிரே யாரோ நிற்பதாகப் பாவித்து அந்தப் பெண் அஞ்சுவாள், கெஞ்சுவாள், கை கூப்புவாள், பயமுறுத்துவாள், அன்போடு அழைப்பாள், ஒவ்வொரு பாவமும் சில விநாடிகள் நின்று அடுத்ததற்கு வழிவிடும். நான்காவதில் அழுகையும் பிதற்றலுமாக எல்லாம் ஓயும். விலாவின் கீழும் அடிவயிற்றிலும் சில இடங்களை அழுத்தினால் இசிவு தோன்றும், மறுபடி அழுத்தினால் நிற்கும் என்று கண்டு, அடிவயிற்றை அழுத்திப் பிடிப்பதற்கென்று தோலும் இரும்பும் கொண்ட ஒரு கச்சையையும் செய்துவைத்தார்கள். ஷார்க்கோவின் மாணாக்கரும் நல்ல சித்திரக்காரருமான போல் ரிஷே, இந்தப் படிகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும் வரிசை வரிசையாக வரைந்து 1881-இல் பெரு நூலாக வெளியிட்டார். அந்தப் பட்டியலில் எந்தப் பெண்ணுக்கும் முகம் உண்டு, பெயரில்லை.

புகைப்படங்களுக்குப் பெயர் இருந்தது, முழுப் பெயர் அல்லவாயினும். பூர்ன்வில், ரெஞார் என்ற இரு வைத்தியர்கள் 1876 முதல் 1880 வரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஸால்பெத்ரியேர்ப் படநூலில், பெண்களுடைய வரலாறும் இசிவின் குறிப்பும் படங்களும் ஒருங்கே அச்சாகியிருக்கின்றன. அக்காலத்துத் தகடுகளில் படம் பதிய விநாடிகள் பல செல்லும். துடிக்கும் உடல் தகட்டில் வெறும் கலங்கலாகவே விழும். ஆகையால் இசிவின் எந்தக் கணம் அசையாமல் நின்றதோ அந்தக் கணமே படமாயிற்று. வேகமாக வந்து வேகமாகப் போகும் ஒரு நோயின் மெதுவான பகுதியையே உலகம் கண்டது. ஆல்பேர் லோந்த் என்பவர் 1883-இல் ஒன்பது கண்ணாடி வில்லைகள் கொண்ட கருவியைச் செய்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கணங்களைப் பிடித்த பிறகே அசைவும் அகப்பட்டது. அதற்குள் படநூலின் பாவங்கள் ஊரறிந்தவையாகிவிட்டன.

அந்தப் படங்களில் அதிகமாகக் காணப்படுபவள் ஒகுஸ்தீன். 1875-இல், பதினான்கு வயதில், அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டாள். அவளுடைய தாயார் வேலை செய்த வீட்டின் எஜமானன், சவரக் கத்தியைக் காட்டி மிரட்டி, அக்குழந்தையைக் கெடுத்திருந்தான். முதல் இசிவு வந்தது அதற்குப் பிறகே. இதை நான் எங்கிருந்தோ தேடிக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பூர்ன்விலே அதைப் படநூலின் இரண்டாம் தொகுதியில் எழுதியிருக்கிறார். மூன்றாம் படியில் அவள் கெஞ்சியும் மிரண்டும் பேசிய வார்த்தைகளையும் அவர் நேர்மையோடு எழுதிவைத்திருக்கிறார். யாரிடம் கெஞ்சுகிறாள், எந்தக் கத்திக்கு மிரள்கிறாள் என்பது முன்பக்கத்து வரலாற்றிலேயே இருக்கிறது. இவ்வளவையும் ஒரே நூலில் வைத்திருந்தும், இசிவின் காரணம் என்று அவ்வைத்தியர்கள் தேடியது நரம்பின் ஏதோ ஒரு பழுதையும், குலத்தில் வந்த குற்றத்தையும். அக்குழந்தையின் துன்பம் நோயைத் தூண்டிவிட்ட ஒரு சிறு சந்தர்ப்பமாகவே அவர்களுக்குப் பட்டது. அவளுடைய பாவங்களுக்கு அவர்கள் இட்ட தலைப்புக்கள் பரவசம், காதல் வேண்டுதல் என்பன. அந்தத் தலைப்புக்களை வாசித்துவிட்டு அந்தப் படங்களைப் பார்ப்பது எனக்கு எப்பொழுதும் இயலாத காரியமாகவே இருக்கிறது. 1880-இல் ஒகுஸ்தீன் ஆண் வேடம் பூண்டு ஆஸ்பத்திரியை விட்டு ஓடிப்போனாள். அதற்குப் பிறகு படநூலில் அவளைப் பற்றிய பேச்சு இல்லை.

இதற்கிடையில் ஷார்க்கோவின் கீர்த்தி வளர்ந்துகொண்டே போயிற்று. 1882-இல் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பீடம் அவருக்காக ஏற்படுத்தப்பட்டது. அதே வருஷத்தில், மெஸ்மெர் என்பவரின் காலம் முதல் அபகீர்த்தியில் கிடந்த, ஹிப்னாடிஸம் எனப்படும் மோகன நித்திரையை விஞ்ஞானக் கழகத்தின் முன் அவர் எடுத்துரைத்து, அது இசிவு நோயாளிகளுக்கே உரியதென்றும், மூன்று நிலைகள் உடையதென்றும் ஸ்தாபித்தார். அந்நித்திரையில் விறைத்து நிற்கும் பெண்ணின் கன்னத்தில் துஷேன் வழியில் மின் முனையை வைத்துச் சிரிப்பை எழுப்பினால், அவளுடைய கைகள் தாமாகவே அச்சிரிப்புக்கு ஏற்ற அபிநயத்தைப் பிடித்தன; அச்சத்தை எழுப்பினால் கைகள் அச்சத்தைக் காட்டின. உணர்ச்சி உள்ளிருந்து தசைக்கு வருகிறது என்று உலகம் நம்பியிருக்க, தசையிலிருந்தே உணர்ச்சியின் முழு உருவமும் கிளம்புவதை அவர்கள் கண்ணாரக் கண்டதாக நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் தயாரித்த பிரசங்கமும், செவ்வாய்க்கிழமைகளில் முன்பின் அறியாத நோயாளிகளை எல்லோர் முன்னும் பரிசோதிப்பதும் அவர் வழக்கம். வைத்தியர்களோடு எழுத்தாளர்களும் நடிகர்களும் அரசியல்வாதிகளும் அங்கே வந்து அமர்ந்தார்கள், எழுத்தாளர் மோப்பஸானும் வந்தார். வியன்னாவிலிருந்து 1885 அக்டோபரில் வந்து சில மாதங்கள் தங்கிய இளம் வைத்தியர் ஸிக்மண்ட் பிராய்ட், மூளையின் அமைப்பை ஆராய வந்தவர், மனத்தைப் பற்றிய கேள்விகளோடு திரும்பிப் போனார். அந்தப் பிரசங்க மண்டபத்தை ஆந்த்ரே புரூயே வரைந்த ஓவியம் 1887-ஆம் வருஷத்துக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. நாலு மீட்டருக்கு மேல் அகலமுள்ள பெரிய படம். ஷார்க்கோ பேசிக்கொண்டிருக்கிறார், பிளான்ஷ் விட்மான் என்ற நோயாளி பின்னோக்கிச் சாய, பபின்ஸ்கி என்ற மாணாக்கர் தாங்குகிறார், முப்பது பேர் உற்றுப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலுள்ள சுவரில், அந்தப் பெண்ணின் எதிரே, வில்லாக வளைந்த உடலின் பெரிய சித்திரம் ஒன்று தொங்குகிறது. இன்னும் சற்று நேரத்தில் அவர் எவ்விதம் வளைய வேண்டுமோ அவ்விதமே வளைந்த உருவம் அது. ஓவியர் அதைக் குற்றச்சாட்டாக வைத்தாரா, கண்டதைக் கண்டபடி தீட்டினாரா என்பதை ஓவியத்திலிருந்து நிச்சயிக்க இயலாது. ஆனால் ஸால்பெத்ரியேருக்கு எதிராக நான்ஸி நகரத்தார் சொன்ன ஆக்ஷேபணை முழுவதும் அந்தச் சுவரில் தொங்குகிறது.

நான்ஸியில் இருந்த பேராசிரியர் பெர்ன்ஹைம், மோகன நித்திரை நோயன்று, யாருக்கும் வரக்கூடியது, வைத்தியரின் வார்த்தையும் குறிப்புமே அதை இன்ன உருவத்தில் நடத்துகின்றன என்று வாதித்தார். ஆயிரக்கணக்கானோரைத் தாம் நித்திரையில் ஆழ்த்தியதில், ஷார்க்கோவின் மூன்று நிலைகளும் வரிசை தவறாமல் வந்தது ஒரே ஒரு பெண்ணிடத்தில் தான் என்றும், அவள் ஸால்பெத்ரியேரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள் என்றும் அவர் எழுதினார். அந்த ஒரு சாட்சிக்கு மறுமொழி சொல்ல ஸால்பெத்ரியேரால் கடைசி வரை முடியவில்லை.

எனினும் அங்கே நடந்தவை யாவும் வீண் என்பவர்களோடு நான் ஒப்பமாட்டேன். இசிவு பெண்களின் கருப்பையில் பிறக்கும் கோளாறு என்ற பழைய கொள்கையை மறுத்து, ரயில் விபத்திலும் தொழிற்சாலை விபத்திலும் அகப்பட்ட வலுவான ஆண்களுக்கும் அது வருவதை ஷார்க்கோ நோயாளிகளைக் கொண்டே நிரூபித்தார். பழைய தேவாலய ஓவியங்களில் பேய் பிடித்தவர்களாகக் காட்டப்பட்டவர்களின் வளைவும் முறுக்கும் தம் கூடத்துப் பெண்களுடையவையே என்று 1887-இல் ரிஷேயோடு சேர்ந்து எழுதிய நூலில் காட்டி, ஒரு காலத்தில் தீக்கிரையான எத்தனையோ பேரை நோயாளிகளின் வரிசையில் சேர்த்தார். அவருடைய மாணாக்கர் ழீல் த லா தூரெத், கட்டுக்கடங்காமல் முகமும் தோளும் வெட்டி வெட்டி இழுக்க, நினையாத சொற்கள் வாயிலிருந்து தெறிக்கும் நோயாளிகள் ஒன்பது பேரின் விவரங்களை 1885-இல் வெளியிட்டார். அவர்களுள் ஒருவர் 1825-இலேயே இதார் என்ற வைத்தியர் விவரித்த ஒரு பிரபு குலத்துப் பெண்மணி. அந்த நோயை இசிவோடு கலக்காமல் தனியே நிறுத்தி அதற்கு மாணாக்கரின் பெயரை இட்டவர் ஷார்க்கோ. அப்பெயர் இன்றும் மாறவில்லை.

1893 ஆகஸ்டு 16-ஆம் தேதி, பிரயாணத்தில் இருந்தபோது, மோர்வான் பிரதேசத்து ஏரிக்கரை விடுதியொன்றில் ஷார்க்கோ காலமானார். நம்பிக்கையால் தீரும் நோய்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை அப்பொழுதுதான் வெளியாகியிருந்தது. சில வருஷங்களுக்குள் நான்கு படிகளும் ஒழுங்காக நடந்தேறும் மகா இசிவு காண்பதற்கே அரிதாகிவிட்டது. ஓவியத்தில் பிளான்ஷைத் தாங்கி நின்ற பபின்ஸ்கி, உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் எப்பக்கம் மடங்குகிறது என்ற எளிய சோதனையை 1896-இல் வெளியிட்டு, நரம்பின் பழுதால் வரும் வாதத்தை அல்லாததிலிருந்து பிரிக்க வழி செய்தார். 1901-இல், வார்த்தையால் உண்டாக்கி வார்த்தையாலேயே நீக்கக் கூடியது மட்டுமே ஹிஸ்டீரியா என்று குருவின் கட்டடத்தைக் குலைத்துவிட்டார். முதல் உலக யுத்தத்தில் முதுகு வளைந்தும் கை இறுகியும் வந்த சிப்பாய்களை, அவர் கருத்தைப் பின்பற்றியவர்கள் நோயாளிகள் என்பதைவிட ஏமாற்றுகிறவர்கள் என்றே நடத்தத் தலைப்பட்டார்கள். தூர் நகரத்தில் க்ளோவி வேன்ஸான் என்ற வைத்தியர் கடுமையான மின்சாரத்தைப் பாய்ச்சி அவர்களை நிமிர்த்தினார். 1916-இல் ஒரு சிப்பாய் அதற்கு உடன்படாமல் அவரைத் தாக்க, ராணுவ நீதிமன்றம் அச்சிப்பாயைத் தண்டித்தும், தண்டனையை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தது. துஷேன் வலியறியாத கிழவர் ஒருவரைத் தேடி எடுத்துப் பயன்படுத்திய மின்சாரம், இங்கே வலிக்காகவே பயன்பட்டது.

ஆஸ்பத்திரி வாயிலில் 1898-இல் நிறுத்தப்பட்ட ஷார்க்கோவின் வெண்கலச் சிலையை, 1942-இல், ஜெர்மானியர் ஆதிக்கத்தின்போது உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள்.

பிளான்ஷ் விட்மான் அம்மையாரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1877-இல் நோயாளியாக வந்து, இசிவு நோயாளிகளின் ராணி என்று பிரசித்தி பெற்ற அவருக்கு, ஷார்க்கோ மறைந்த பிறகு இசிவு வரவில்லை. அவர் ஸால்பெத்ரியேரை விட்டுப் போகாமல், முன்பு தம்மைப் படம் பிடித்த புகைப்படக் கூடத்திலேயே உதவியாளராக அமர்ந்தார். 1895-இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டு ஆஸ்பத்திரிகளில் பரவியபோது கதிர்ப்படப் பிரிவுக்கு மாறினார். அக்கதிர்களின் கேட்டை அக்காலத்தில் ஒருவரும் முழுமையாக அறிந்திருக்கவில்லை. அவர் கையில் புற்று தோன்றியது. விரல்களை எடுத்தார்கள், பிறகு கையை எடுத்தார்கள், அதன் பின்னும் அறுவை ஓயவில்லை. அந்நிலையில் அவரை அறிந்த இளம் வைத்தியர் ஒருவர், பழைய இசிவுகளெல்லாம் நடிப்புத்தானே என்று கேட்டபோது, அம்மையார் அதை மறுத்துவிட்டார். நித்திரையிலும் இசிவிலும் தாங்கள் விழுந்தது வேறு விதமாக இருக்க இயலாமையால்தான் என்றும், அது ஒரு சுகமான அனுபவமாகவும் இருக்கவில்லை என்றும் சொன்னார். நடித்தவர்களும் சிலர் இருந்தார்கள். ஆனால் ஷார்க்கோ அவர்களை ஒரு முறை நோக்கி, சும்மா இரு என்று அடக்கிவிடுவார், அவரை ஏமாற்றுவது எளிதென்றா நினைக்கிறீர்கள் என்று அம்மையார் திருப்பிக் கேட்டதாக அந்த வைத்தியர் 1925-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.